சிலை முன்னால் இரண்டு நாழிகை

தூங்காபுரி ராஜா மகரவர்மனுக்கு ஆள ஒரு ஊர் போதவில்லை. மாயபுரி என்று இன்னொன்றும் கட்டினார். கல்லாலும் மண்ணாலும் இல்லை. கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டால் போதும், நின்ற இடத்தில் காலை ஆட்டியபடியே அந்த ஊரில் நடக்கலாம், கடைவீதி பார்க்கலாம், ஆற்றில் குதித்தாலும் நனையாது. ஒரே ஒரு நிபந்தனை. வந்த வாசலுக்கே திரும்பி நடந்தால்தான் கண்ணாடியின் கொக்கி கழலும். ஊர் நடுவில் ராஜாவுக்குப் பொன்சிலை. அது இல்லாமல் ஒரு ஊரா?

அங்கே ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகப் பூங்காவனம் ஒரு கருவி செய்தாள். அரசவையில் கணக்குக்கும் வாய்த்துடுக்குக்கும் பேர்போனவள் அவள். காலடிமானி என்று பெயர் வைத்தாள். ஆள் யார் என்று அது கேட்காது, காலடியை மட்டும் எண்ணும். எங்கே போனார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், அவ்வளவுதான். செய்ததோடு விட்டாளா? அது எப்படி எண்ணுகிறது என்பதை வரி விடாமல் எழுதிச் சந்தைச் சுவரில் ஒட்டிவிட்டாள். யாரும் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், வேண்டுமானால் தங்கள் ஊருக்கே எடுத்துப் போகலாம்.

புகழ்மந்திரி நீலமேகத்துக்கு இது வயிற்றெரிச்சல். எண்ணுகிற விதம் உப்பு விற்கிறவளுக்கும் தெரிந்துவிட்டால், எண்ணிக்கையை எடுத்துச் சொல்கிற மந்திரிக்கு என்ன மரியாதை என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

ஆனாலும் அவள் எண்ணிய கணக்கையே எடுத்துக்கொண்டு சபைக்கு வந்தார். கடைவீதியில் ஜனங்கள் கால் நாழிகை நிற்கிறார்களாம், ஆற்றங்கரையில் அரை நாழிகையாம். ராஜாவின் சிலை முன்னால் மட்டும் இரண்டு நாழிகையாம்! எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு பிரியம் என்று விளக்கமும் சொன்னார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அதையே ராஜகட்டளையாக எழுதச் சொன்னார். தெருவுக்கு ஒரு சிலை வைக்கவும் சொல்லிவிட்டார்.

பூங்காவனத்துக்குப் பகீரென்றது. முந்தின நாள்தான் உப்பு விற்கும் செல்லக்கிளி சுவரைப் படித்துவிட்டு வந்து அவளைப் பிடித்திருந்தாள். நின்றவர்களை எண்ணுகிறாயே, போகப் பார்த்தும் போக முடியாதவர்களை எண்ணினாயா என்று கேட்டாள். கேட்டதோடு அதற்கு ஒரு வரியும் எழுதிக் கொடுத்தாள். அந்த வரியைக் காலடிமானியில் சேர்த்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்தது. சிலையின் அடியில் தரை சரியாகக் கட்டவில்லை. கிட்டே போனவன் கால் ஒட்டிக்கொள்கிறது. பின்னால் வருகிறவன் இடித்துத் தள்ளினால்தான் விடுதலை. ஒவ்வொருவரும் நாற்பது ஐம்பது தடவை காலை உதறிப் பார்த்திருக்கிறார்கள். தெருவுக்கு ஒரு சிலை வந்தால் ஊரே ஒட்டிக்கொள்ளும்.

அவள் எழுந்து அதைச் சொன்னாள். ராஜா முகம் சுண்டிப்போயிற்று. நீலமேகம் விடுவாரா? இது ராஜதுரோகம், சுவரில் இருப்பதைக் கிழித்து எரிக்க வேண்டும், இவளைச் சிறையில் போட வேண்டும் என்றார். ராஜாவும் சரி என்றார்.

பூங்காவனம் தரையில் விழுந்து கும்பிட்டாள். "ரொம்ப சந்தோஷம் மகாராஜா. நம்ம ஊரிலேயே ஜனங்களுக்கு அதிகப் பிரியமான இடத்துக்கு அனுப்புறீங்க."

"சிறையா பிரியமான இடம்?"

"கட்டளைப்படி பார்த்தா அதுதான். கோயில்ல ஜனங்க அரை நாழிகை நிக்கிறாங்க. சந்தையில ஒரு நாழிகை. சிறையில பதினோரு வருஷம்! ஒருத்தர் உங்க அப்பா காலத்துல வந்தவர், இன்னும் வீட்டுக்குப் போகலை. சிறைக்காவலருக்கும் ஒரு சிலை வைக்கணும், அதுதான் நியாயம்."

சபையில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ராஜா சிரிக்கவில்லை. தாடியைத் தடவினார். பிறகு ஒரு கண்ணாடியை எடுத்து நீலமேகத்திடம் நீட்டினார். "போய் என் சிலையைக் கும்பிட்டுட்டு உடனே வா."

நீலமேகம் மாட்டிக்கொண்டார். நாலடி நடந்தார், கும்பிட்டார். திரும்பப் பார்த்தார். வலது காலை இழுத்தார், இடது காலை இழுத்தார். நெற்றியில் வேர்வை கொட்டியது.

"வரலையா?" என்றார் ராஜா.

"மனசு வரலை மகாராஜா! என்ன அழகு, என்ன தேஜஸ்!" என்றபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி உதறினார்.

ராஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிலை வேலையை நிறுத்தினார். சுவர் அப்படியே இருக்கட்டும் என்றார். செல்லக்கிளிக்குப் பட்டுப்புடவை, பூங்காவனத்துக்கு முத்துமாலை. எல்லாம் சொல்லி முடித்தபின் அவர் குரல் இறங்கிப்போயிற்று. பாவமாகத்தான் இருந்தது.

"அப்போ ஜனங்களுக்கு என்மேல பிரியம் இருக்கா இல்லையான்னு நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"கதவைத் திறந்து வச்சுட்டு எண்ணுங்க மகாராஜா."

ராஜா ரோஷக்காரர். அந்த நிமிஷமே சபையின் எட்டுக் கதவுகளையும் திறக்கச் சொன்னார். போகிறவர்கள் போகலாம், யார்மேலும் கோபமில்லை என்றார். புலவர்களுக்கு அவசர வேலை வந்தது. தளபதிக்கு வயிற்றுவலி. சாமரம் வீசுகிறவர்கள்கூடச் சாமரத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ராஜா எண்ணிப் பார்த்தார். தன்னைத் தவிர இரண்டே பேர். பூங்காவனம் நின்றாள். நடு மண்டபத்தில் நீலமேகம் நின்றார்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா பூங்காவனம். அத்தனை பேரும் போயிட்டாங்க. நீலமேகம் போகலை பார்."

"அவரைப் பின்னாலிருந்து இடிக்க ஆள் வரலை மகாராஜா" என்றாள் பூங்காவனம்.