உப்பு எங்கேயிருந்து வந்தது?

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டான். கதையை அவனிடமிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. அநியாயம் நடந்தது சடைச்சிக்கு. அவளைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கீழ்ப்பள்ளத்தில் ஒரு துண்டு வயலும் ஒரு கிணறும் அவளுடையவை. ராஜா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, அதற்குத் தன் பெயரையே வைத்தான். முதலில் நெல் நிமிர்ந்து நின்றது. கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியது. ஏறிய நீர் கரித்தது. பிறகு வயலே வெள்ளையாகப் பூத்தது, விதைத்ததெல்லாம் கருகியது. சடைச்சி ஒரு கை மண்ணோடு சபைக்கு வந்தாள்.

"என் வயலில் உப்பு எங்கேயிருந்து வந்தது, மகாராஜா?"

கேட்டது அவ்வளவுதான். வாய்க்கால் அதிகாரி தாண்டவராயன் அந்த மண்ணை நக்கிப் பார்த்துத் துள்ளினான்.

"அரசே, தங்கள் வாய்க்கால் தண்ணீர் தேன்! அதில் உப்பேது? இவள் திருட்டுத்தனமாக உப்புக் காய்ச்சியிருக்கிறாள்!"

அந்த நாட்டில் உப்பு ராஜாவுக்கு மட்டுமே சொந்தம். வேறு யார் காய்ச்சினாலும் நிலம் போகும், சிறையும் உண்டு. சடைச்சியின் கையில் விலங்கு விழுந்தது. பயிரையும் இழந்து பழியையும் அவளே சுமக்க வேண்டுமாம்! எந்த ஊர் நியாயம் இது?

அமைச்சர் நாகனார் வாக்குவாதம் செய்யவில்லை. வாய்க்கால் எட்டாத கரட்டு மண்ணை இரண்டு சட்டிகளில் நிரப்பி அரண்மனை முற்றத்தில் வைத்தார். ஒன்றின் அடியில் துளை உண்டு, மற்றதில் இல்லை.

"தங்கள் திருக்கரத்தால் தினமும் வாய்க்கால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அரசே."

"அமைச்சர் தோட்டக்காரர் ஆகிவிட்டாரோ?" என்று தாண்டவராயன் இளித்தான்.

"உம்முடைய தேனின் பெருமை தெரியட்டுமே என்றுதான்."

ராஜா மகிழ்ந்து போய் ஊற்றினான். கோடை வந்ததும் மறந்தான். சட்டிகள் வெயிலில் காய்ந்தன. ஒருநாள் நாகனார் தட்டில் கொஞ்சம் மண் கொண்டுவந்து தாண்டவராயனிடம் நீட்டினார்.

"இதையும் பார்த்துச் சொல்லும்."

அவன் நக்கினான். "அதே உப்பு! எந்தத் திருடன் இவன்? நிலத்தைப் பிடுங்கி அவனையும் உள்ளே தள்ளுங்கள்!"

"யார் அவன்?" என்றான் ராஜா.

"துளையில்லாத சட்டி மண், அரசே. நீர் ஊற்றியது தங்கள் கை."

"யாரோ உப்பைக் கொட்டியிருக்கிறார்கள்!" என்றான் தாண்டவராயன்.

"துளையுள்ள சட்டியிலும் அதே மண், அதே நீர். அதில் வெள்ளை இல்லையே! மண்ணுக்குள் இருக்கும் உப்பை நீர் கரைக்கிறது. வடிய வழியிருந்தால் கொண்டுபோகும். இல்லையென்றால் மேலே ஏறும். வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுப்போகும். வாய்க்கால் வெட்டியவர் வடிகாலை மறந்துவிட்டார்."

"மறக்கவில்லை!" தாண்டவராயன் கத்தினான். "வடிகால் கழிவு ஓடும் பள்ளம். அதற்குப் போய் ராஜாவின் பெயரை வைக்க முடியுமா?"

"உன் பெயரை வைப்போம்," என்றான் ராஜா. "முதல் மண்ணையும் நீயே வெட்டு."

சடைச்சியை அழைத்து வந்தார்கள். விலங்கைக் கழற்றி, வயலைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அவள் கும்பிடவில்லை.

"செத்த வயலைக் கொடுக்கிறீர்கள். அது தேற எத்தனை வருஷம் ஆகுமோ! நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே."

வீரகேது சிம்மாசனத்தை விட்டு இறங்கி அவள் முன்னால் நின்றான்.

"என் கையிலிருந்து வந்தது, அம்மா."