வாசலில் உட்கார்ந்த பிசினி

வாழைச்சருகும் அதற்கடியில் நெளியும் நூற்புழுவும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், புழுவின் வயிற்றில் முட்டையாகும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நடுவீடு இருந்தது. எதை எப்படிச் செய்வது என்று சொல்லும் ஓலைகள் அதன் வாசல்கள் வழியே வெளியே வரும். வேலையைக் கெடுக்கும் களவாணி ஓலைகளும் கலந்து வரும்.

அவற்றைப் பிடிப்பவன் தடையன். அவன் கையில் இருபத்தோரு எழுத்துள்ள ஓலை நறுக்கு ஒன்று. அதோடு பொருந்தும் ஓலையைக் கிழிப்பான். அதே ஓலை மறுபடி வந்தால் பிடிக்க, அந்தத் துண்டைப் படியெடுத்துப் புது நறுக்குகள் செய்வான். 'இது நம் ஓலை' என்று சாட்சி சொல்பவள் ஒப்பாயி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் சுற்றுவார்கள்.

அதே அறையில் பிசின் உருண்டையாகக் கிடந்த பிசினிக்கு வேலையே இல்லை. தொட்டதெல்லாம் அவள்மேல் ஒட்டும். தடையன் அவளை ஒட்டுப்புல் என்பான். அவளும் கூசி, மூலையில் உருண்டு கிடப்பாள். முட்டைக்கு முட்டை கூடவே போவாள், அவ்வளவுதான்.

ஒருநாள் முட்டையிடும் விதம் சொல்லும் ஓலை வந்தது. பதினெட்டு எழுத்து பொருந்தியது. தடையனுக்கு அது போதும். ஒப்பாயி அப்போது எதிர்க்கோடியில் இருந்தாள். ஓலை கிழிந்தது. அதன் நறுக்குகள் முட்டைகளுக்குள்ளும் போய், அங்கும் அதே ஓலை கிழிபட்டது. முந்நூறு முட்டையிட்ட புழுவின் மகள் தொண்ணூறு இட்டாள்; பேத்தி பதினொன்று. பிசினி எண்ணிப் பார்த்தாள். இன்னும் ஒரு தலைமுறை; அதோடு வம்சம் முடிந்துவிடும்.

அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குள் இருந்தபடி, அவள் துளித்துளியாகப் பிரிந்து வாசல்தோறும் போய் உட்கார்ந்தாள். தடையன் வந்து ஒட்டிக்கொண்டான்.

"வழிய விடு, ஒட்டுப்புல்லே."

"ஒப்பாயி அக்காவும் வரட்டும் அண்ணே. அதுவரைக்கும் விடமாட்டேன்."

ஒப்பாயியும் வந்து ஒட்டினாள். முட்டையிடும் விதம் சொல்லும் அதே ஓலை மறுபடி வந்து துளிக்குள் நுழைந்தது. தடையன் கையை ஓங்கினான்.

"கைய எடு, இது நம்மளோடது," என்றாள் ஒப்பாயி.

"பதினெட்டு பொருந்துதே."

"மிச்சம் மூணு?"

தடையன் கையை இறக்கினான். ஓலை முழுசாக வெளியே போனது. பின்னால் ஒரு களவாணி ஓலை வந்தபோது ஒப்பாயி வாய் திறக்கவில்லை, அவன் கிழித்தான்.

பழைய நறுக்குகள் உடனே தீர்ந்துவிடவில்லை. அந்த முட்டையில் பிறந்த புழு நாற்பது முட்டையிட்டது, அதன் மகள் இருநூற்றுப் பத்து, அதற்கடுத்தவள் முந்நூற்று இரண்டு. பிசினி இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தாள். ஒட்டுகிறதே என்று தடையன் முணுமுணுத்தான், ஆனால் எழுந்து போகவில்லை.

அன்றிலிருந்துதான் நூற்புழுவின் முட்டையறைகளில், நடுவீட்டு வாசல்தோறும் ஒரு பிசின்துளி ஒட்டியிருக்கிறது; வெளியே வரும் ஓலை அதற்குள் நுழைந்துதான் போகிறது.