பட்டம் இல்லாத வரவேற்பு

தாமரைக்குளம் எஃப்.எம். வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தும் பேச்சியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். "பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்துப் போங்க. அது ரோடா குளமான்னே தெரியல" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். நகராட்சித் தலைவர் வீரபாகுவுக்கு மூக்குக்கு மேல் கோபம். நிலைய முதலாளியைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்துவிட்டார்.

"இனி சொந்தக் கருத்து ஒரு வார்த்தை வந்தாலும் உனக்கு வேலை கிடையாது. கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் சொல்லு" என்றார் முதலாளி.

"சரிங்கய்யா."

பொங்கலன்று நேரலையில் வாழ்த்துச் சொல்லத் தலைவரே வந்தார். அவர் பெயருக்கு முன்னால் நாலு பட்டமாவது போடாமல் அந்த ஊரில் எவரும் மைக்கைத் தொட்டதில்லை.

பேச்சியம்மாள் ஆரம்பித்தாள். "வணக்கம். நகராட்சித் தலைவர் வீரபாகு வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்."

தலைவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏம்மா, ஏழைகளின் விடிவெள்ளி, வளர்ச்சியின் நாயகன், அதெல்லாம் எங்க?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் கருத்துங்கய்யா. சொன்னா என் வேலை போயிரும்."

பட்டம் இல்லாமல் திரும்புவதா? ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறதே! "எவன் உன் வேலையில கைவைக்கிறான்னு நானும் பாக்குறேன். என்னைப் பத்தி உன் மனசுல இருக்கிறதைத் தாராளமாச் சொல்லும்மா!"

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் முதலாளி வேண்டாம் வேண்டாமென்று இரண்டு கையையும் ஆட்டினார். தலைவர் கண்ணில் அது படவில்லை.

பேச்சியம்மாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்கய்யா. பஸ் ஸ்டாண்டு ரோட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்."