குப்பி வந்த வழி

ஒரு மருந்து ஆலையில், ஒரு நாள் காலையில், அடுத்தடுத்து இரண்டு கண்ணாடிக் குப்பிகள் பிறந்தன. முதலில் பிறந்தது அக்கா. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துப் பிறந்தது தங்கை. இரண்டும் சுண்டுவிரல் உயரம். இரண்டுக்குள்ளும் தண்ணீர் போலத் தெளிந்த மருந்து. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போனால் அதை நிறுத்துகிற மருந்து அது.

குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து அனுப்புகிற வேலை தமயந்தி என்ற பெண்ணுடையது. பார்க்கும்போதே குப்பிகளோடு பேசிக்கொண்டிருப்பது அவள் வழக்கம். அன்றைக்கும் பேசினாள். எப்போதும் குளிரில் இருக்க வேண்டும், சூடு பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது, போனது உங்களுக்கே தெரியாது என்றாள். தங்கைக்குப் பயமாக இருந்தது. தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாமல் எப்படிப் போகும் என்று அக்கா சிரித்தது.

ஆலையின் வாசலில்தான் அவை சங்கிலியைச் சந்தித்தன.

அந்தச் சங்கிலி உண்டானதற்கு ஒரு காரணம் இருந்தது. மருந்து செய்கிறவர், அதை லாரியில் ஏற்றுகிறவர், குடோனில் வைத்திருக்கிறவர், ஆஸ்பத்திரியில் வாங்குகிறவர், இந்த நாலு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. மருந்து கெட்டுப்போனால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கணக்கை யார் ஒருவரும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாருமே முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்று. மனிதர்கள் அதற்குப் பிளாக்செயின் என்று பேர் வைத்தார்கள். குப்பிகளுக்கு அது சங்கிலி.

"நீ எங்கே இருக்கிறாய்? குரல் மட்டும் கேட்கிறதே" என்றது அக்கா.

"இங்கே இருக்கிறேன். லாரி ஆபீசில் இருக்கிறேன். குடோனில் இருக்கிறேன். நீங்கள் போகப்போகிற ஆஸ்பத்திரியிலும் இருக்கிறேன்."

"அப்படியானால் நீ துண்டு துண்டாக இருக்கிறாயா?"

"இல்லை. எல்லா இடத்திலும் முழுசாக இருக்கிறேன்."

நீங்கள் கை மாறும்போதெல்லாம் எனக்கு ஒரு கண்ணி சேரும் என்று சங்கிலி விளக்கியது. புதிதாகச் சேர்கிற கண்ணி, தனக்கு முந்தையதன் முகத்தைத் தன் உடம்பில் பதித்துக்கொள்ளும். பிறகு அந்த முந்தைய முகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் இதற்கு அடையாளம் தெரியாது. யார் நீ என்று கேட்டுவிடும்.

ஊர் ஊராக விரிந்து கிடக்கிற ஒரு பெரிய உருவம், இத்தனூண்டு குப்பிகளின் பயணத்தை ஏன் நினைவில் வைத்துக்கொள்கிறது என்று இரண்டு குப்பிகளுக்கும் புரியவில்லை.

அவை வேறு வேறு பெட்டிகளில் ஏறின. ஒவ்வொரு பெட்டியிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெப்பமானி உட்கார்ந்திருந்தது. அதிகம் பேசாத ஜீவன். பெட்டிக்குள் எவ்வளவு குளிர் என்று சங்கிலிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது மட்டும்தான் அதன் வேலை. தங்கையின் பெட்டி நேராக மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனது. அக்காவின் பெட்டி, இன்னும் பல பெட்டிகளோடு, அடிவாரத்து ஊரின் குடோனில் இறங்கியது.

குடோனைப் பார்த்துக்கொண்டவன் குணாளன். வேலையில் ஒழுங்கானவன்தான். கோடையில் ஒரு நாள் குளிர் அறையின் இயந்திரம் நின்றுபோனது. ரிப்பேர் ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அந்த ஆள் மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். அதுவரை அறை வெளிவெயிலைப் போலவே கொதித்தது. அக்காவுக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. கண்ணைச் சொருகியது. நன்றாகத் தூங்கியது. பக்கத்தில் வெப்பமானி மட்டும் தூங்காமல், சூடு, இன்னும் சூடு என்று சங்கிலிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் குணாளன் ஒரு குப்பியை எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தான். தெளிவாக இருந்தது. முதலாளிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னான். அந்த ஒரு நாள் கணக்கில் இருக்கக் கூடாது, இருந்தால் நீ வேலையில் இருக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். குணாளன் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"அந்த ஒரு நாள மட்டும் எடுத்துடு" என்றான் தணிந்த குரலில்.

"எடுக்கலாம்" என்றது சங்கிலி. "எடுத்தால் அடுத்த கண்ணி தனக்கு முந்தையதைப் பார்த்து யார் நீ என்று கேட்கும். அதையும் நீ மாற்றினால் அதற்கடுத்தது கேட்கும். இங்கே இருக்கிற எல்லாவற்றையும் நீ மாற்றி முடித்தாலும், ஆலையில் இருக்கிற நானும் மலையில் இருக்கிற நானும், குடோனில் இருப்பது நானே இல்லை என்று சொல்லிவிடுவோம்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"இதற்கு மேலே ஒரு கண்ணி சேர்க்கலாம். இந்தப் பெட்டிகள் கூடாது என்று எழுதலாம். சூடு பட்டது என்று வெப்பமானி சொல்லும். கூடாது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்."

குணாளனின் விரல் வெகுநேரம் பொத்தான்மேலேயே இருந்தது. பிறகு அவன் திரையை அணைத்துவிட்டான். அவசரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் யார் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவன் நினைத்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. சங்கிலி யாரையும் தேடிப் போய்ச் சொல்லாது. கேட்டால்தான் சொல்லும். பெட்டிகள் லாரியில் ஏறிப் பல ஊர்களுக்குப் பிரிந்து போயின.

அக்காவின் பெட்டி மலை ஏறியது. ஆஸ்பத்திரியின் ஃபிரிட்ஜில் தங்கையைப் பார்த்ததும் அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தபோது, எது எது என்று அவற்றுக்கே குழப்பமாக இருந்தது. அக்காவுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. முதலில் பிறந்தது நான், முதலில் போகப்போவதும் நான்தான் என்று அது தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டது.

ஒரு மழை நாளில், மலையின் மறுபக்கத்திலிருந்து வெண்ணிலா என்ற பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். முதல் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்து அழுதது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. பாதையில் மரம் விழுந்து டாக்டர் கீழேயே மாட்டிக்கொண்டிருந்தார். மழையில் டவரும் போய்விட்டது. இருந்தவர்கள் நர்ஸ் பியூலாவும் ஒரு ஆயாவும்தான். பியூலாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தாயின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி ஆயாவிடம் சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜைத் திறந்து கைக்கு முதலில் வந்த பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தாள்.

அது அக்கா. அதற்குப் பயமே இல்லை. கழுத்து உடைபடப்போகிறது என்று தெரிந்தும் ஆசையோடு நிமிர்ந்து நின்றது.

பியூலா பழக்கப்பட்ட கையோடு குப்பியின் முத்திரையை, சங்கிலியிடம் கேட்டுச் சொல்கிற கருவியிடம் காட்டினாள். டவர் இல்லாவிட்டாலும் அது வேலை செய்தது. முழுச் சங்கிலியும் அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்ததே.

"இது வந்த வழி என்ன?" என்று கருவி கேட்டது. சங்கிலி வாய் திறந்தது.

மனிதர்களுக்கு அது ஒரு நொடி. குப்பிக்கு அது ஒரு ஆயுசு. தான் பிறந்த காலை, தன்னை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த தமயந்தி, ஏறிய லாரி, டிரைவர் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கதவு திறந்திருந்த நேரம், குடோனில் வைக்கப்பட்ட அலமாரி, எல்லாவற்றையும் சங்கிலி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. தன் வாழ்க்கை முழுவதையும் யாரோ ஒருவர் இப்படித் தாங்கிக்கொண்டிருந்தார் என்பதில் அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த உலகத்தில் தன்னை இவ்வளவு அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்று நினைத்தது.

பிறகு சங்கிலி, குடோனில் கழிந்த அந்தக் கோடை நாளைச் சொன்னது.

"பொய்" என்றது அக்கா. "நான் தெளிவாக இருக்கிறேன். தங்கையைப் போலவே இருக்கிறேன். நான் அன்றைக்குத் தூங்கத்தான் செய்தேன்." அது ஃபிரிட்ஜுக்குள் பெட்டியில் இருந்த வெப்பமானி பக்கம் திரும்பியது. "நீ என் பக்கத்தில்தானே இருந்தாய். நீ சொல்."

"இருந்தேன்" என்றது வெப்பமானி. "உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை."

கருவியின் திரையில் சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. பியூலா அதைப் படித்தாள். வாசலில் நின்றிருந்த வெண்ணிலாவின் கணவன் தீர்த்தனுக்கு, நர்ஸ் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பதுபோலத் தெரிந்தது.

"மருந்துதான் கையில இருக்குதே சிஸ்டர்" என்றான். "போடுங்க. அவ கண்ணு சொருகுது."

"இது மருந்து இல்லண்ணா" என்றாள் பியூலா. "மருந்தா இருந்துச்சு."

அவள் அக்காவை மேசைமேல் வைத்துவிட்டு, பின்வரிசைப் பெட்டியிலிருந்து தங்கையை எடுத்தாள். அதையும் கருவியிடம் காட்டினாள். அந்த ஒரு நொடியைத் தீர்த்தனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். தங்கை வந்த வழியைச் சங்கிலி சொன்னது. ஆலையிலிருந்து மலைவரை குளிர், குளிர், குளிர்.

தங்கை அக்காவைப் பார்த்தது.

"போ" என்றது அக்கா. "சீக்கிரம் போ."

கண்ணாடிக் கழுத்து உடைந்தது. மருந்து ஊசிக்குள் ஏறி, வெண்ணிலாவின் தொடைக்குள் இறங்கியது. பியூலா அவளிடம் பேசிக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடாதே, குழந்தைக்கு என்ன பேர் வைக்கப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெண்ணிலா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில், கையின் கீழே வயிறு கல்லைப் போல இறுகுவதாக ஆயா சொன்னாள். துணியில் ஊறிக்கொண்டிருந்த சிவப்பு மெல்ல நின்றது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து வெண்ணிலா கண்ணைத் திறந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். தீர்த்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

மேசைமேல் அக்கா கிடந்தது. தன்னை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் அதற்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குள் அது வெறும் தண்ணீராக ஓடியிருக்கும். வேலை செய்கிறேன் என்ற நினைப்போடு ஓடியிருக்கும். நர்ஸ் காத்திருப்பாள். புருஷன் காத்திருப்பான். காத்திருப்பதிலேயே எல்லாம் முடிந்திருக்கும். யார் தவறு என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மழை விட்டதும் பியூலா கை கழுவிவிட்டு வந்தாள். சங்கிலியில் புதிதாக ஒரு கண்ணி சேர்த்தாள். கூடாது என்று எழுதினாள். குடோனில் அதே குளிர் அறையில் அன்றைக்குக் கிடந்த எல்லாப் பெட்டிகளுக்கும் அந்தச் சொல் போய்ச் சேர வேண்டும் என்பது, சங்கிலியைக் கட்டிய நாலு பேரும் ஒத்துக்கொண்ட விதி. டவர் திரும்பி வந்தது. சொல் மலையைவிட்டு இறங்கி ஓடியது.

அது ஓடுவதை அக்கா கேட்டுக்கொண்டிருந்தது. சங்கிலி ஒவ்வொரு ஊரிலிருந்தும் வருகிற பதிலைச் சொன்னது. கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று பெட்டிகளை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்கள். மில் ஊர் ஒன்றின் நர்சிங் ஹோமில் ஒரு நர்ஸ் குப்பியின் கழுத்தில் கை வைத்திருந்தாள், திரையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அதற்கும் தெற்கே இன்னொன்று. இவ்வளவு ஊர்கள் இருக்கின்றன என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாத மனிதர்கள், இந்தச் சொல்லைக் கேட்ட கணத்தில் ஒரே கையைப் போல அசைந்தார்கள்.

"குடோனிலிருந்தும் ஒரு கண்ணி வந்திருக்கிறது" என்றது சங்கிலி. "ஆமாம், அறை சூடாக இருந்தது என்று குணாளன் எழுதியிருக்கிறான். கீழே தன் பேரையும் போட்டிருக்கிறான்."

அக்கா மெதுவாகக் கேட்டது.

"கடற்கரை ஊரிலும் மில் ஊரிலும் இன்றைக்குப் பிழைத்தவர்கள் இருப்பார்கள், இல்லையா? அவர்கள் யார்? பேர் மட்டும் சொல்."

"அது என்னிடம் இல்லை" என்றது சங்கிலி. "நடந்தது மட்டும்தான் என்னிடம் இருக்கும். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை."