பட்டு வேட்டியில் ஒரு துளை

தணிகைவேல் பல வருடங்கள் பரிசோதனைக்கூடத்தில் இருந்த டாக்டர். நுண்ணோக்கியின் கீழ் கண்ணால் பார்க்காத எதையும் அவர் எழுதிக் கொடுத்ததில்லை. அவசர சிகிச்சை கற்றுக்கொள்ள, அந்தக் கடற்கரை ஊரின் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தார். கற்றுக்கொடுப்பவர் டாக்டர் பியாட்ரிஸ். வயதில் அவரைவிட இளையவர்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி தணிகைவேல் கேட்டார்.

"அலர்ஜி உயிருக்கே ஆபத்தாகப் போகுதுன்னு எப்ப உறுதியாச் சொல்லலாம், மேடம்?"

"முதல்ல சாப்பிடுங்க" என்றார் பியாட்ரிஸ்.

சாப்பிட விடவில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து வேன் வந்து நின்றது. கோட்டு சூட்டில் இருந்த மாப்பிள்ளையே மாமனாரைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார். மணப்பெண்ணின் அப்பா, பெயர் கயித்தான். உதடு வீங்கியிருந்தது. கழுத்திலிருந்து மார்பு வரை சிவப்புத் தடிப்பு. மூச்சு ஒவ்வொன்றும் விசிலடித்தது.

"என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார் தணிகைவேல்.

"பந்தியில இறால் தொக்கு. ஆனா அதா இருக்காது டாக்டர். மாமா இறால் தின்னே வளந்தவரு. வலையோட பொறந்தவருன்னு ஊரே சொல்லும்."

தணிகைவேலுக்கு அது நியாயமாகப் பட்டது. தொண்டையில் முள்ளோ? நெஞ்சு வலியோ? "முதல்ல அரிப்புக்கு ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

"எதனால வந்தாலும் மூச்சு அடைக்குது. அட்ரினலின்" என்றார் பியாட்ரிஸ். அதற்குள் மருந்துக் குப்பியை உடைத்திருந்தார். "வேட்டியை ஏத்துங்க."

கயித்தான் இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குரல் கரகரத்தது.

"சம்பந்தி... வாசல்ல நிக்காவ..."

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக நின்றிருந்தார்கள். பாவம், மனுஷனுக்கு மானம் பெரிது. தணிகைவேல் திரையை இழுக்கப் போனார். வளையம் ஒன்று கம்பியில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட்டுத் திரும்பும்போது வேலை முடிந்திருந்தது. சரிகைக்கு மேலே, பட்டோடு சேர்த்து, தொடையின் வெளிப்பக்கம் பியாட்ரிஸ் ஊசியை ஏற்றியிருந்தார்.

"கால் மாட்டுல தலகாணி வைங்க. எந்திரிக்க விடாதீங்க. ஆக்ஸிஜன்."

பிறகு பியாட்ரிஸின் ஒரு கை நோயாளியின் நாடியில் இருந்தது. மறு கையில் இன்னொரு குப்பி தயாராக இருந்தது. கயித்தானின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

விசில் சத்தம் மெலிந்தது. சாம்பல் பூத்திருந்த நகங்களில் மெல்ல ரத்தம் ஓடியது. தணிகைவேல் எத்தனையோ நுரையீரல்களை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார். ஒன்று திறந்து காற்றை உள்ளே விடுவதை அன்றுதான் பார்த்தார். 

பியாட்ரிஸ் இரண்டாவது குப்பியைத் தட்டில் வைத்தார். "ராத்திரி இங்கதான் இருக்கணும். அலர்ஜி மறுபடி வரலாம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து கயித்தானின் குரல் முழுசாகக் கேட்டது.

"புதுப் பட்டு வேட்டி! ஓட்டை போட்டுட்டாவளே! இதக் கட்டிக்கிட்டு எப்பிடி மறுவீட்டுக்குப் போவேன்? படிச்ச பொம்பளைதானே, கண்ணு தெரியாதா?"

"வாய மூடிட்டுப் படும் ஓய்" என்றாள் மனைவி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

திரைக்கு இந்தப் பக்கம் பியாட்ரிஸ் தன் ஆறிப்போன டப்பாவைத் திறந்தார். தணிகைவேல் தன் டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"மேடம், ஒருவேளை ஊசியே தேவைப்படாம, தானா அடங்கியிருக்கும்னா?"

திரைக்குப் பின்னால் வேட்டியின் விலை, நெய்த ஊர், எடுத்துக் கொடுத்த மச்சான் என்று திட்டு நீண்டுகொண்டே போனது. பியாட்ரிஸ் அதைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"ஊசி வீணாப் போயிருந்தாலும் இதே திட்டு மட்டும்தான் கிடைச்சிருக்கும்" என்றார்.