செம்புக்கு எட்டாத கற்றாழை

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் வாய் இருந்தது. மனிதருக்குக் காதும் இருந்தது. கேட்கிற வழக்கம்தான் அன்றைக்கும் கிடையாது.

கற்றாழைக்கு அப்போது முள் இல்லை. கசப்பும் இல்லை. மடல் வழவழவென்று இருக்கும். உள்ளே இளநீர் வழுக்கைபோல இனிக்கும். கல்லாங்காட்டு மேட்டில் யாரையும் எதிர்பார்க்காமல் அதுபாட்டுக்குக் கிடந்தது.

சுள்ளி பொறுக்க வந்த பூவாயி அதைப் பார்த்தாள். ஆசைப்பட்டாள். வேரோடு பெயர்த்துவந்து, மண்சட்டியில் நட்டு, வீட்டுக்குள் சன்னலோரம் வைத்தாள்.

கற்றாழைக்கு வீடு பிடித்துத்தான் இருந்தது. காலை வெயில் சன்னல் வழியாக வந்து முதுகைத் தொடும். பூவாயி ஈரத்துணியால் மடல் மடலாகத் தூசி துடைத்துவிடுவாள். அடுப்பில் சுட்டுக்கொண்ட விரலுக்கு ஒரு சொட்டுச் சாறு கேட்பாள், அதுவும் கொடுக்கும். அவள் புருஷன் கருப்பணன்கூட வெளியே கிளம்பினால் அதனிடம் சொல்லிக்கொண்டுதான் போவான்.

கெட்டது செம்பால்.

விடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீர். அரிசி களைந்தால் கழுநீர். கருப்பணன் சாப்பிட்டு எழுந்தால் கை கழுவுவதும் அந்தச் சட்டியில்தான். எதிர்வீட்டு மாரக்கா கதை பேச வந்தால், குடித்த மோரின் மிச்சமும் அதற்குத்தான். சட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றியதெல்லாம் எங்கே போகும்?

“போதும் பூவாயி,” என்றது கற்றாழை. “மண்ணுல விரல விட்டுப் பாரு. காஞ்சிருந்தா ஊத்து. சட்டிக்கு அடியில ஓட்டை போடு. வேர் ஊறிப்போச்சு.”

“இன்னும் ஒரே ஒரு வாய், கண்ணு,” என்றாள் பூவாயி. “போதும்னதும் நிறுத்திட்டா அது என்ன உபசாரம்?”

கற்றாழை கெஞ்சியது. பிறகு கத்தியது. ஊற்றல் நிற்கவில்லை. வேர் அழுகியது. மடல் மஞ்சளாகித் தொளதொளத்தது.

பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள். “எல்லாம் அந்த மாரக்கா கண்ணு! வந்து வந்து பாத்தாளே, பாவி!” என்று இன்னொரு செம்பு மொண்டுவந்தாள்.

கற்றாழைக்கு மிச்சமிருந்த வேர்வரை பற்றி எரிந்தது. “கண்ணாவது மண்ணாவது! என்னைக் கொல்றது உன் செம்புடி!” என்று சீறியது. சீறிய சீற்றத்தில் மடலின் இரண்டு ஓரத்திலும் முள் வெடித்துக் கிளம்பியது. இனிப்பு அத்தனையும் கசந்தது. செம்பைச் சாய்க்க வந்த கையைக் கீறிவிட்டது.

ரத்தத்தைப் பார்த்ததும் பூவாயிக்கும் வெறி வந்தது. “ஊத்தி ஊத்தி வளத்த கையையா கிழிக்கிற? தண்ணி வேண்டாமா? அப்ப மண்ணும் வேண்டாம், போ!” பிடுங்கினாள். வேர்ப்பக்கம் கயிறு கட்டி, வாசல் நிலையில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். “காஞ்சு சாவு. ஊரே பாக்கட்டும்.”

ஊர் பார்த்தது. கோடை காய்ந்தது. அழுகிய வேர் சருகாகி உதிர்ந்தது. மடலுக்குள் இருந்ததைச் சிக்கனமாகக் குடித்துக்கொண்டு கற்றாழை தேறியது. தொங்கிய மடல்கள் நுனியை வளைத்து வானம் பார்த்தன. நடுவில் ஒரு பூந்தண்டுகூட எட்டிப் பார்த்தது.

மாரக்கா வாயைப் பிளந்தாள். “ஏன்டி பூவாயி, இதென்ன கூத்து? சொட்டுத் தண்ணியில்லாம பூத்திருக்கு?”

ஊற்றியே கொல்லப் பார்த்தேன் என்று சொல்லப் பூவாயிக்கு நா எழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வீட்டு மேல யார் கண்ணும் படக்கூடாதுன்னு கட்டியிருக்கேன். அதுக்கென்ன இப்ப?”

கருப்பணன் தொண்டையைச் செருமினான். அவள் பார்த்த பார்வையில் அத்தோடு நிறுத்திக்கொண்டான். மாரக்கா தன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கயிறு தேடினாள்.

கற்றாழைக்குப் ‘பொய்’ என்ற சொல் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டது. உண்மை தெரிந்தால் இறக்கிச் சட்டியில் வைப்பார்கள், செம்பும் வரும். அதற்கு இந்தத் தொங்கலே மேல். பேச்சையே விட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மற்ற செடிகளும் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான் கற்றாழைக்கு முள்ளும் கசப்பும், வாசலுக்கு வாசல் தலைகீழ்த் தொங்கலும். ஊரார் கண்ணை அது தடுக்கிறதோ இல்லையோ, வீட்டுக்காரியின் செம்புக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.