ஹோன்பெர்க் மலை பாதியான கதை

அந்தக் காலத்தில் மலைக்கு வாய் இருந்தது, ஆற்றுக்குக் காது இருந்தது, நரி வீட்டு வாசலில் வந்து நின்று நாளைக்குப் பனி கொட்டுமா கொட்டாதா என்று சொல்லிவிட்டுப் போகும். இன்றைக்கு ஜெர்மனி என்றால் உங்களுக்குக் காரும் ரயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அதற்கெல்லாம் ரொம்ப முன்னால். அங்கே ராஜா என்று ஒருவர் தலைகாட்டுவதற்கும் முன்னால்.

அந்த நாட்டின் நடுவில் ஹோல்டர்பாக் என்று ஒரு சின்னக் கிராமம். சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. ஒரு வீட்டில் ரொட்டி தீய்ந்தால் ஊர் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஊருக்கு முன்னால் வேர்னா என்ற ஆறு. அக்கரையில் ஹோன்பெர்க் மலை. அன்றைக்கு அது முழு மலை. உச்சிவரை மரம் அடர்ந்து, தன் காலை ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. வேர்னா அந்தக் காலை உரசிக்கொண்டு நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது.

இந்த மூவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் உண்டு. இக்கரையில் ஒரு சிவப்புக் கல். அதற்கு இந்தப் பக்கம் மனிதர்களுக்கு, அந்தப் பக்கம் ஆற்றுக்கு. வருஷா வருஷம் பனி உருகுவதற்கு முன்னால் ஊர் கூடி அந்தக் கல்லின் மேல் கை வைக்கும். ஆறு ஓர் அலையை அனுப்பிக் கல்லின் அடியை நனைக்கும். சாயங்காலம் மலை தன் நிழலை இறக்கிக் கல்லைத் தொடும். கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஆனாலும் அந்த ஒப்பந்தம் எத்தனையோ தலைமுறையாக நின்றது.

அந்த ஊரில் ஓர்ட்வின் என்று ஒரு பார்லி விவசாயி. நல்ல உழைப்பாளி, ஆனால் கொஞ்சம் அவசரக்காரன். அவன் மனைவி மெக்தில்ட் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிள்ளை வரப்போகிறது, இருக்கிற நிலம் போதாது என்று அவனுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் கறுப்பு வண்டல், கையால் தொட்டாலே முளைக்கும் போல இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆறு அங்கே வருகிறது, மற்ற நாளெல்லாம் சும்மாதானே கிடக்கிறது என்று அவன் மனசு கணக்குப் போட்டது. அறுவடை முடிந்த ஒரு நாள், இரண்டு காளைகளைப் பூட்டிக் கல்லை இழுத்து ஆற்றுப் பக்கமாக நகர்த்தி நட்டுவிட்டான். அதை ஒட்டி ஒரு மண் கரையும் எழுப்பினான். ஊர் பார்த்தது, நமக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டது. நரியும் பார்த்தது. அது வானிலையைத் தவிர வேறு எதிலும் தலையிடுவதில்லை.

குளிர்காலம் போயிற்று. அந்த வருஷம் பனி வழக்கமாக உருகுவதுபோல உருகவில்லை. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஒன்று கிளம்பி, மேலே இருந்த மலைகளின் பனியை எல்லாம் ஒரேயடியாகக் கரைத்து இறக்கிவிட்டது. ஊர் கூடிக் கல்லில் கை வைக்கும் நாள் வருவதற்குள் ஆறு வந்துவிட்டது.

அது வந்த விதத்தை எப்படிச் சொல்ல. முதலில் சத்தம் எதுவும் இல்லை. பறவைகள் கூவுவதை நிறுத்தின, நாய்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்தன. பிறகு தரை லேசாக நடுங்கியது. பள்ளத்தாக்கின் மேல் முனையில் பழுப்பாக ஏதோ அசைந்தது. பார்த்தவர்கள் அதை மண்சரிவு என்று நினைத்தார்கள். வேரோடு வந்த மரங்களும், வீடு அகலத்துக்குப் பனிக்கட்டிகளும் அதற்குள் உருண்டுகொண்டிருந்தன. ஊர் மொத்தமும் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இருந்த மேட்டுக்கு ஓடியது.

ஓர்ட்வின் ஓடவில்லை. மெக்தில்ட்டுக்கு விடியற்காலையிலேயே வலி எடுத்திருந்தது. பேறு பார்க்க வந்த வால்புர்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இப்போது இவளை அசைத்தால் இரண்டு உயிரும் போகும் என்று சொல்லிவிட்டாள். ஊரிலேயே தாழ்வான வீடு அது. வாசல்படியில் தண்ணீர் ஏறிவிட்டது.

ஓர்ட்வின் இறங்கி ஆற்றுக்குள் நடந்தான். இடுப்பளவு வந்ததும் நின்று, கும்பிடாத குறையாகக் கேட்டான். கொஞ்சம் பொறு, பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் வீட்டை எடுத்துக்கொள் என்றான்.

"என் கல் எங்கே?" என்றது ஆறு.

அந்த நிலத்தில் குளிர்காலத்தில் மண் உறைந்து கற்களை மேலே தள்ளிவிடும். ஒவ்வொரு வருஷமும் உழும்போது புதிதாகக் கற்கள் முளைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, உறைபனி தள்ளியிருக்கும் என்று ஓர்ட்வின் ஒரு பொய் சொன்னான். பெண்டாட்டி உள்ளே அலறிக்கொண்டிருக்கும்போதுகூட அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பாவம், மனுஷன்தானே.

"உறைபனி கல்லை மேலேதான் தள்ளும். பக்கவாட்டில் இழுக்காது," என்றது ஆறு. அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை உடைத்தது. நான்தான் நகர்த்தினேன், பிள்ளைக்காக நகர்த்தினேன் என்று அழுதுவிட்டான்.

"எனக்குக் கோபிக்கத் தெரியாது ஓர்ட்வின். நிற்கவும் தெரியாது. எனக்குப் பின்னால் பனி மொத்தமும் வந்துகொண்டிருக்கிறது, அது என்னைத் தள்ளுகிறது. நான் விரிந்து படுக்க ஓர் இடம் வைத்திருந்தேன். அங்கே நீ கரை கட்டிவிட்டாய். அந்தக் கரை என்னை இப்போது உன் வாசலுக்குத் திருப்பிவிடுகிறது. அக்கரையில் மலையின் கால். நான் எங்கே போக?"

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மெக்தில்ட் கத்தினாள். இதுவரை கத்தியது வேறு, இது வேறு. ஆற்றின் இரைச்சலை மீறிக்கொண்டு அந்தக் கத்தல் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் மலையில் மோதியது.

மலை கண் விழித்தது.

ஹோன்பெர்க் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. மேட்டில் நின்றவர்களுக்கு அதன் குரல் காதில் கேட்கவில்லை, பாதத்தில் கேட்டது. அத்தனை பேரும் தங்களையறியாமல் முழங்கால் போட்டார்கள்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்," என்றது மலை. "நான் பூமிக்குள்ளிருந்து நெருப்பாகப் பிறந்தபோது இப்படித்தான் கத்தினேன். கேட்பதற்கு அப்போது ஒரு புல்கூட இல்லை. வேர்னா, என் பக்கம் வா. நான் வழி விடுகிறேன்."

ஆறு தயங்கியது. எது யாருடையது என்று தெரிந்தால்தான் நான் திரும்ப முடியும், என் கல் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றது.

ஓர்ட்வின் திரும்பிப் பார்த்தான். காளைகளை ஊர்க்காரர்கள் மேட்டுக்கு ஓட்டிப்போயிருந்தார்கள். அந்தக் கல்லை ஓர் ஆளால் அசைக்கக்கூட முடியாது. ஆனாலும் அவன் கல்லை நட்டிருந்த இடத்துக்குப் போய், மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் மூழ்கி, கல்லின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, மார்போடு அணைத்து இழுத்தான். கல் எழுந்துவிட்டது. அவன் பலத்தில் இல்லை, அது அவனுக்கே தெரிந்தது. ஆறு அடியில் தோள் கொடுத்தது. வெளியில் இருந்தால் அவனை நசுக்கியிருக்கும் கனம், தண்ணீருக்குள் பாதியாகக் குறைந்து அவன் நெஞ்சில் சாய்ந்தது. தான் யாரிடம் திருடினானோ அதுவே தன்னோடு சேர்ந்து சுமக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. மூழ்கி, எழுந்து, பனிக்கட்டி நெற்றியில் கிழிக்க, அவன் நடந்து போய்ப் பழைய குழியில் கல்லை இறக்கினான். அதன் மேல் கை வைத்தான். ஓர் அலை வந்து அவன் கையின் மேல் நின்று போயிற்று.

அந்த நேரம் ஹோன்பெர்க் தன்னை உடைத்துக்கொண்டது.

உச்சியிலிருந்து ஆற்றுவரைக்கும் ஒரு கோடு விழுந்தது. காட்டோடும் கல்லோடும் மலையின் முன்பாதி பெயர்ந்து சரிந்தது. சரிந்ததை ஆறு வாயில் வாங்கிக்கொண்டு, தன் நேர்வழியை விட்டுவிட்டு, மலை திறந்துவிட்ட அந்தப் பெரிய இடத்துக்குள் அரிவாள்போல வளைந்து திரும்பியது. அது போகிற வேகத்தில் ஓர்ட்வினின் மண் கரை இருந்த இடம் தெரியவில்லை. வாசல்படியில் ஏறிய தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. தூசி அடங்கியதும் ஊர் பார்த்தது. மலையின் உள்பக்கம் திறந்து கிடந்தது. நெருப்பு ஆறி இறுகிய கறுப்புத் தூண்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, செதுக்கி நிறுத்தியதுபோல வானம்வரை நின்றன. அந்த ஊரில் அதுவரை யாரும் ஒரு மலையின் உள்ளே பார்த்ததில்லை. பார்க்கத் தகுதி உண்டா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அந்த அமைதியில் பிள்ளை அழுதது. பெண் பிள்ளை.

ஓர்ட்வின் ரத்தமும் சேறுமாக உள்ளே வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் மலையிடம் காட்டினான். உனக்கு என்ன வேண்டும், கேள் என்றான். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டான். பெயர்ந்து போன பாதியில்தான் மலையின் வாய் இருந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. பிள்ளை வீறிட்டது. அந்த அழுகை போய்க் கறுப்புத் தூண்களில் பட்டு, மெதுவாக, ஒருமுறை திரும்பி வந்தது. மெக்தில்ட் படுக்கையிலிருந்தே சொன்னாள்: "காது இருக்கிறது. அதற்குக் கேட்கிறது."

பிறகு ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். அந்த நாட்டின் எல்லைகள் எத்தனையோ தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தன. ஹோல்டர்பாக்கின் சிவப்புக் கல் மட்டும் ஒரு விரல் நகரவில்லை. அதற்கு அந்தப் பக்கம் இன்றும் வெறும் புல்தான். பனி உருகும்போது ஆறு வந்து படுத்துவிட்டுப் போகிறது.

வேர்னா அங்கே வளைந்து ஓடுவதும், ஹோன்பெர்க் பாதி மலையாக நிற்பதும் அதனால்தான். அன்று முதல்தான், ஹோல்டர்பாக்கில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால், வெளியே எப்படிப்பட்ட குளிராக இருந்தாலும் மலைப் பக்கத்து ஜன்னலை விரியத் திறந்துவிடுகிறார்கள். பிறக்கும்போது கேட்க ஆளில்லாமல் கத்திய அந்த மலைக்குத்தான் அந்த ஊரில் எந்தப் பிள்ளையின் முதல் அழுகையும் கேட்க வேண்டும்.